மூன்று நொடிக்குள் திறக்கும் பை

மார்ச் 3, திங்கள்

இன்றும் கேமரா அலமாரியிலேயே இருந்தது. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை அது பார்த்த உலகம்: எங்கள் பால்கனி, மைத்துனன் வீட்டு மொட்டைமாடி, அலமாரியில் தொங்கும் என் சட்டைகள். தினமும் காலையில் இன்றைக்கு எடுத்துக்கொண்டு போவோம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு தோளில் அலுவலகப் பை. அதற்குள் மடிக்கணினி, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை. இன்னொரு தோளில் கேமராவையும் மாட்டிக்கொண்டு காலை நேரத்து ரயிலில் ஏறினால், இறங்கும்போது அது யார் கழுத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்குமாக ஒரே ஒரு முதுகுப் பை வாங்கிவிட வேண்டும். பதினாறு வருடமாக அட்டைப்பெட்டி வடிவமைக்கிறவன் நான். ஊரில் உள்ள பொருளுக்கெல்லாம் அளவெடுத்துக் கூடு செய்கிறேன். எனக்கு ஒரு பை பார்ப்பதா பெரிய விஷயம்? ஒரு வாரம் போதும்.

மார்ச் 4, செவ்வாய்

ரயில் நிலைய மேம்பாலப் படியின் அடியில் என் மனைவி ஒரு செய்தி சொன்னாள். முப்பத்தொன்றாம் தேதியிலிருந்து இரவு வேலை கிடையாதாம். வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். இனி பகலில்தான்.

நல்ல செய்தி. ரொம்ப நல்ல செய்தி. ஐந்து வருடமாக இரவெல்லாம் வார்டில் நின்று கால் வீங்கிப்போய் வருகிறாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவும் செய்தேன். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்னவோ போலாகிவிட்டது.

ஏன் என்று எழுதிவைக்கிறேன், பிறகு எனக்கே மறந்துபோகும். அவளுடைய ரயில் 7.12-க்கு மூன்றாம் நடைமேடையில் வரும். என்னுடையது 7.21-க்கு ஒன்றாம் நடைமேடையிலிருந்து கிளம்பும். நடுவே மேம்பாலம். அவள் இறங்கி வருவாள், நான் கீழே நிற்பேன், வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பேன். அவளுடைய சாவி தொலைந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னொன்று போட்டுக்கொள்ள இருவருக்குமே தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது பொய். எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை.

அவள் மேல் படியில் வந்து நின்று கூட்டத்தில் என்னைத் தேடுவாள். அப்போது முகம் இரவு முழுக்க விழித்த முகமாக இருக்கும். என்னைப் பார்த்ததும் அந்த முகத்துக்கு ஏதோ ஆகும். சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிப்புக்கு முந்தியது. முதல் மூன்று படி வரைக்கும் அது இருக்கும். நாலாவது படியில் அவள் பழைய ஆளாகிவிடுவாள். "டப்பா எடுத்தீங்களா? குடை?"

அந்த மூன்று படியை ஒரு தரமாவது படம் எடுத்துவிட வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை கடைசி. அதற்குப் பிறகு வெளிநோயாளர் பிரிவு ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். நான் கிளம்பும்போது அவள் வீட்டில் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருப்பாள். படியும் கிடையாது, சாவியும் கிடையாது.

மார்ச் 5, புதன்

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டாள். முடியை ஒதுக்கி, உதட்டை இறுக்கி, அடையாள அட்டைக்கு நிற்பவள் போல ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

மார்ச் 6, வியாழன்

முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். மேல் படியிலிருந்தே, "கையில என்ன?" நர்ஸ் கண்.

ஆகவே கேமரா பைக்குள்தான் இருக்க வேண்டும். மூன்று நொடிக்குள் வெளியே வரவும் வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

பை தேடுவதாக மைத்துனனிடம் வாயைக் கொடுத்தது தப்பு. சாயங்காலமே தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மலை ஏறுகிறவர்கள் சுமக்கிற பை. எத்தனை வார், எத்தனை கொக்கி! அவனுக்கு மலை ஏறத் தெரியாது, பை வாங்கத்தான் தெரியும்.

"மாமா, இதுல கூடாரமே வைக்கலாம் மாமா."

"நான் ஆபீஸ் போறேன் மாப்ள."

"இருக்கட்டும் மாமா. என்னைக்காவது ரயில் நடுவழியில நின்னுட்டா?"

மார்ச் 8, சனி

மைத்துனனின் பையோடு ரயில் ஏறினேன். பின்னாலிருந்து ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "உங்க கூட வந்தவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். பையைத்தான் சொல்கிறார். நான் திரும்பியதில் "கூட வந்தவர்" இன்னொருவர் கண்ணாடியைத் தட்டிவிட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டேன் – பையை.

மார்ச் 10, திங்கள்

எனக்குத் தெரிந்த வழிக்கே வந்துவிட்டேன். தொழிற்சாலையில் மாதிரிப் பெட்டிகள் செய்யும் அறையில், மதிய இடைவேளையில், முதுகுப் பை அளவில் மூன்று அட்டைப்பெட்டி வெட்டினேன். பெரியது, நடுத்தரம், சிறியது. எங்கள் தொழிலில் இது சாதாரணம். எதைச் செய்வதற்கு முன்னும் அட்டையில் செய்து பார்த்துவிடுவோம். கல்யாணத்துக்கு முன்பு அறையில் கட்டில் நுழையுமா என்று அட்டைக் கட்டில் செய்து பார்த்தவன் நான். இவள் இன்னும் அதை விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பசை அண்ணன் (ஒட்டும் பிரிவுக்குத் தலைவர், அவர் பேரே எங்களுக்கு மறந்துபோய்விட்டது) பார்சல் கட்டும் நாடாவில் தோள்வார் போட்டுக் கொடுத்தார்.

"தம்பி, எந்தக் கம்பெனி ஆர்டர் இது?"

"எனக்குத்தான் அண்ணே."

"உனக்கா? நீ எங்க போகப்போற?"

மார்ச் 11, செவ்வாய்

நடுத்தரப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு போனேன். ரயிலில் இரண்டு பேர் எந்த வீட்டு டெலிவரி என்று கேட்டார்கள். ஒருவர் தனக்கு வரவேண்டிய பார்சலைப் பற்றிப் புகார் சொல்லி என்னைத் திட்டவும் செய்தார். போகட்டும், அளவு பிடிபட்டுவிட்டது. அகலம் இருபத்தெட்டு சென்டிமீட்டர்: இரண்டு பேருக்கு நடுவே நுழைகிறது. உயரம் நாற்பத்துநாலு: உட்கார்ந்தால் பிடரியில் இடிக்கவில்லை. ஆழம் பதினேழு: அதற்கு மேல் போனால் கதவு கடிக்கும்.

இவள் மேல் படியில் என்னைப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் சிரித்தாள், பின்னால் வந்தவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள். என்ன ஒரு படம்! கேமரா பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். யார் ஒட்டச் சொன்னது? கை தானாக ஒட்டிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

கடையில் நான் அளந்த அதே அளவில் ஒரு சாதாரண முதுகுப் பை கிடைத்தது. கேமராப் பை என்று விற்பதெல்லாம் பார்த்தாலே "உள்ளே கேமரா இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கூவுகிற மாதிரி இருக்கின்றன. இது பரவாயில்லை. உள்ளே மெத்தைத் தடுப்புதான் இல்லை. அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

மார்ச் 16, ஞாயிறு

நாள் முழுக்க ஸ்பாஞ்சு வெட்டினேன். கேமராவுக்கு அதன் உருவத்திலேயே ஒரு குழி, இன்னொரு லென்சுக்கு ஒரு குழி, சாவிக்குக்கூடச் சாவி வடிவத்தில் ஒரு குழி. மேலே மூடி. மூடிக்கு மேல் பட்டி. பையைக் குலுக்கினால் ஒரு சத்தம் இல்லை. இவள் தூங்கி எழுந்து வந்து பார்த்தாள்.

"அவ்வளவு பத்திரமா எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

"சும்மா... தெரு. மரம். காக்கா."

"காக்காவுக்கா இவ்வளவு?"

மார்ச் 17, திங்கள்

ஞாயிறு இரவு இவளுக்கு எப்போதும் ஓய்வு, திங்கள் காலையில் படி கிடையாது; அதனால் முதல் சோதனை தொழிற்சாலையிலேயே. கேமரா எடையில் ஒரு மரக்கட்டையை உள்ளே வைத்து, பெட்டிகளைக் கீழே போட்டுச் சோதிக்கிற மாதிரியே போட்டோம். பத்துத் தடவை: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். பசை அண்ணன் இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ரசித்து ரசித்துப் போட்டார். கட்டை இம்மியும் அசையவில்லை.

"இதைக் கப்பல்லயே அனுப்பலாம் தம்பி" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அவமானம். முழுதாக எழுதிவிடுகிறேன்.

அவள் மேல் படிக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். அந்த முகம் வந்தது. நான் பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்தேன், பட்டியை அவிழ்த்தேன், மூடியைத் தூக்கினேன் – கேமரா குழியைவிட்டு வர மாட்டேன் என்றது. என் கைவேலை அவ்வளவு சுத்தம். விரல் நுழைய இடம் விடவில்லை. நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, எதிரே இரண்டு செருப்பு வந்து நின்றது.

"சாவி?"

சாவி அதற்கும் அடியில், தன் குழியில், நிம்மதியாகப் படுத்திருந்தது.

"ஆபரேஷன் பண்ணி எடுக்கிறதுகூட இதைவிடச் சீக்கிரம் முடியுங்க."

நகத்தால் நோண்டி நோண்டிச் சாவியை எடுத்து நிமிர்ந்தபோது 7.21 போய்க்கொண்டிருந்தது. அடுத்த ரயிலில் போய், தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் "பை" என்று எழுதினேன்.

அதே நாள், சாயங்காலம்

இவள் வேலைக்குக் கிளம்பும் முன், தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "எங்க வார்டுல அவசரத் தள்ளுவண்டின்னு ஒண்ணு இருக்கு. அதுல ரொம்ப முக்கியமானதெல்லாம் மேல் தட்டுல, திறந்தாப்புலதான் இருக்கும். கண்ண மூடிட்டுக் கை நீட்டுனா கையில வரணும். நீங்க என்னடான்னா முக்கியமானதைக் கொண்டுபோய் அடியில புதைக்கிறீங்க."

பளாரென்று உறைத்தது. பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்த வித்தை இரண்டுதான். பொருள் அசையக்கூடாது. வழியில் யாரும் திறக்கக்கூடாது. அதையே கொண்டுவந்து இங்கே காட்டியிருக்கிறேன். பெட்டி போய்ச் சேர வேண்டியது. பை அப்படியா? வழியெல்லாம் திறந்து மூடத்தானே அது! இது தெரியாமல் சாவிக்குக் குழி வெட்டினேனே... என்னத்தச் சொல்ல. மக்குப் பய.

இன்னும் ஒன்பது காலைகள்தான் இருக்கின்றன.

மார்ச் 20, வியாழன்

அரை நாள் விடுப்பு போட்டு மறுபடி கடைக்குப் போனேன். இந்த முறை அளவுநாடா கொண்டுபோகவில்லை. கேமராவைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பையாக மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கையை நீட்டி, எடுத்துப் பார்த்தேன். சில பைகள் முதுகுப் பக்கம் திறக்கின்றன: திருடனுக்குக் கஷ்டம், எனக்கு அதைவிடக் கஷ்டம். சில மேலே திறக்கின்றன: சாப்பாட்டு டப்பாவைத் தாண்டித்தான் போகவேண்டும். பதினோராவது பையில் கை தானாகப் போய்விட்டது. இடப் பக்கம் விலாவில் ஒரு ஜிப். வலத் தோள்வாரைக் கழற்றினால் பை இடது கைக்குக் கீழே சுழன்று வந்து நிற்கிறது. ஜிப்பை இழுத்தால் கேமராவின் பிடி நேராக உள்ளங்கையில். மேல் அறையில் டப்பாவும் குடையும், முதுகை ஒட்டி மடிக்கணினி. தரையில் வைத்தால் சாயாமல் நிற்கிறது. தோள்வாரில் சின்னதாக ஒரு ஜேபி – சாவிக்கென்றே செய்த மாதிரி.

நிறம் சாம்பல். பார்த்தால் கணக்கு வாத்தியார் விடைத்தாள் கொண்டுபோகிற பை. எவனும் சீந்த மாட்டான்.

கடைக்காரப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பை வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றாள்.

"பாஸாயிடுச்சும்மா, பில் போடுங்க."

மார்ச் 21, வெள்ளி

கண்ணாடி முன் பயிற்சி. ஒன்பது நொடி.

மார்ச் 22, சனி

ஏழு. உள்ளே ஒரு தடுப்பைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். கேமரா கொஞ்சம் அசைகிறது. அசையட்டும். (இதை நான்தான் எழுதுகிறேனா?)

மார்ச் 23, ஞாயிறு

மைத்துனன் செல்போனில் நொடி எண்ணினான். ஜிப்பின் நுனியில் இளஞ்சிவப்பு நூல் கட்டியதும் அவன் யோசனைதான். அதில் ஒரு நொடி மிச்சம். மூன்றரை.

"சூப்பர் மாமா! துப்பாக்கி எடுக்கிற மாதிரியே இருக்கு! ஆமா, எதுக்கு மாமா இதெல்லாம்?"

"காக்கா மாப்ள."

மார்ச் 25, செவ்வாய்

கூட்டம். தள்ளுமுள்ளில் ஐந்து நொடி ஆகிவிட்டது. கேமரா கண்ணுக்கு வந்தபோது அவள் ஆறாவது படியில், உதட்டை இறுக்கிக்கொண்டு. கீழே வந்து, "எங்க காக்கா?" என்று சுற்றிப் பார்த்தாள்.

மார்ச் 26, புதன்

மூன்று நொடி! கச்சிதம்! படத்தில் ஒரு குடை. அழகான குடை. யாருடையதோ.

மார்ச் 27, வியாழன்

அவளுடைய ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். சாவியை நிலைய வாசலில் பூக்கடைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். முகத்தையே பார்க்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இன்று எடுக்கவே தோன்றவில்லை. சும்மா நின்று பார்த்தேன். மூன்று படி. எவ்வளவு நன்றாக இருக்கிறது. நாளை ஒரு நாள்தான்.

மார்ச் 29, சனி

நாற்பது நிமிடம் முன்னாலேயே வந்து நல்ல இடமாகப் பிடித்து நின்றேன். குறுக்கே தூண் இல்லை, குடை இல்லை. இரண்டு தரம் ஜிப்பைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது; கட்டிய மனைவி வேலை முடிந்து வருகிறாள், அதற்கு இந்தப் பாடு.

7.14. மேல் படிக்கு வந்தாள். தேடினாள். வலத் தோள், சுழற்றல், நூல், பிடி, கண் – எல்லாம் தானாக நடந்தது. அழுத்தினேன். மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

படத்தில் படி இருக்கிறது, வெள்ளைச் சீருடை இருக்கிறது, அவள் பின்னல் இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செல்போனின் முதுகு இருக்கிறது.

அவளும் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்!

நாலாவது படி. "டப்பா எடுத்தீங்களா?" சாவியைக் கொடுத்தேன். ரயிலில் போகும் வழியெல்லாம் அந்தச் செல்போனைத் திட்டிக்கொண்டே போனேன்.

மார்ச் 30, ஞாயிறு

காலைக் காபியின்போது கேட்டேவிட்டேன். "நேத்து எதுக்கு அந்த நேரம் பார்த்து போனைத் தூக்கின?"

"கடைசி நாளாச்சே." போனை என் பக்கம் தள்ளினாள்.

யார் இந்த ஆள் என்று ஒரு கணம் தெரியவில்லை. பை பாதி சுழன்றபடி நிற்கிறது. ஒரு கால் தூக்கியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. கண்ணெல்லாம் மேலே. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிப்புக்கு முந்தியது. என் முகத்துக்கும் அப்படி ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விரலால் தள்ளத் தள்ள இன்னும் வந்தது. அட்டைப்பெட்டியோடு நான். மைத்துனன் பையோடு நான். போன வருடம் மழையில் நான். எல்லாவற்றிலும் அதே முகம்.

"எப்ப எடுத்த இதெல்லாம்?"

"பாலத்துல வர்றப்பவே உங்களைப் பாத்துருவேன். படியில நின்னு தேடுற மாதிரி சும்மா நிப்பேன். நீங்க என்னைப் பாக்கிற வரைக்கும். பாத்ததும் போனை இடுப்புக்கிட்டயே வச்சு ஒரு தட்டு."

"அஞ்சு வருஷமாவா?"

"பின்ன? ராத்திரியெல்லாம் நின்னு கால் கடுக்குது. இதுக்கோசரம்தான் படி ஏறி வர்றது."

வந்த அழுகையை மறைக்க எழுந்துபோய்ச் சக்கரை டப்பாவை எடுத்துவந்தேன். மேசையில் ஏற்கனவே ஒன்று இருந்தது. அப்புறம் நான் காக்கா விஷயத்தை ஒப்புக்கொண்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "லூசு" என்றாள்.

மத்தியானம் இருவரும் போய் இன்னொரு சாவி போட்டுக்கொண்டு வந்தோம்.

மார்ச் 31, திங்கள்

ஆறரைக்கே குளித்து, தலை பின்னி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஒன்பது மணிக்குத்தானே?"

"திறக்கிறதுதான் ஒன்பது. நாங்க எட்டே காலுக்கு இருக்கணும். 7.12-க்கு வர்ற ரயிலேதான் 7.24-க்குத் திரும்பிப் போகும். உங்களுக்கு யார் சொன்னது ஒன்பதுன்னு?"

யாரும் சொல்லவில்லை. நானே அளந்து, நானே வெட்டி, நானே ஒட்டிக்கொண்டது.

நிலையம் வரை சேர்ந்து நடந்தோம். படியருகே, "டப்பா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு அவள் மேலே ஏறிப் போனாள், மூன்றாம் நடைமேடைக்கு. நான் ஒன்றில். நடுவில் தண்டவாளங்கள்.

ஏப்ரல் 2, புதன்

எதிர் நடைமேடையில் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள். அவள் என்னை எப்போதோ பார்த்துவிட்டிருப்பாள், இப்போது எனக்குத் தெரியும். இருந்தாலும் தேடுகிற மாதிரி நின்றாள். நான் பார்த்தேன். வலத் தோள்வாரைக் கழற்றினேன்.

லேசாக ஆடிய படம். ஓரத்தில் யாரோ ஒருவருடைய கை. ஆனால் முகம் இருக்கிறது, அந்த முகமே.

மதியம் சிறிதாக ஒரு பிரதி போட்டு வாங்கினேன். என் சாவியை இப்போது சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்கிறேன்; தோள்வாரில் சாவி ஜேபி காலியாகத்தான் இருந்தது. அதில் வைத்தேன். கச்சிதமாக நுழைந்தது. கொஞ்சம் அசைகிறது.